ஏழுகாலிக்குக் காவல்

டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டியதும் பேச்சு நின்றது. இனி அடுத்த தட்டு வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது, இடத்தை விட்டு எழக் கூடாது, பையிலிருந்து கேமராவை எடுக்கக் கூடாது. எல்லாம் மங்களேஸ்வரி ஏற்படுத்திய விதிகள்தான். ஆனாலும் விதியை ஏற்படுத்தியவளுக்கே முதல் சில நிமிடங்கள் எதையோ சொல்ல மறந்துவிட்டது போல உறுத்தும், அடுப்பை அணைத்தோமா, அலுவலகத்து மேசைச் சாவியை எங்கே வைத்தோம், தண்ணீர்க் கேனைத் திறந்தே வைத்துவிட்டோமா என்று ஒவ்வொன்றாக வரும், பிறகு அதுவும் அடங்கிவிடும். மடையின் அடியில் கசிகிற தண்ணீரின் சத்தம் இப்போதுதான் கேட்டது, அது இவ்வளவு நேரமும் கசிந்துகொண்டுதான் இருந்திருக்கும். கண்மாய் இந்த வருடம் முக்கால் நிறைந்திருந்தது. கரை நெடுகப் பன்னிரண்டு பேர், தள்ளித் தள்ளி, பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு உட்கார வைத்த மாதிரி. தூரத்தில் ஒருவர் தும்மினார், தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்பதற்குத் திரும்பி, கேட்கக் கூடாது என்று நினைவு வந்து, கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அது நல்லபெருமாள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர், பறவைகளைப் பற்றி எழுதுகிறவர், இந்தக் கூட்டத்திலேயே அவருக்குத்தான் வாசகர்கள் அதிகம், அவரைத்தான் இன்று தண்ணீருக்கு முதுகு காட்டி, மடைச்சுவரின் மண்ணைப் பார்க்க உட்கார வைத்திருக்கிறாள்.

உட்கார வைப்பது என்ற யோசனை முதல் நடையில் பட்ட பாட்டிலிருந்து வந்தது. அவரவர் வலைப்பதிவில் அவரவர் எழுதிக்கொண்டிருந்தவர்களை 'வேலியோரம்' என்று ஒரு பொதுப் பக்கத்தில் சேர்த்து, எழுத்தில் சேர்ந்தவர்கள் நேரிலும் சேர்ந்தால் என்ன என்று அவள்தான் ஆசைப்பட்டாள். எழுத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள், தரையில் அப்படி இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. பறவைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு எட்டிப் போட்டார்கள். காளானைப் பற்றி எழுதுகிற பெண் நாலடிக்கு ஒரு தடவை குந்தினாள். "சார், கொஞ்சம் மெதுவா போங்க, இங்க காளான் பாருங்க" என்றதற்கு நல்லபெருமாள், "காளான் எங்கயும் ஓடிராதும்மா, அந்த நாரை போயிரும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எல்லோரும் டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது பாசிக்காரன் திலீபன் புறப்பட்ட இடத்துப் பாலத்துச் சுவரிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான், நடை தொடங்கிவிட்டது என்பதே அவனுக்குத் தெரியாது. அன்று பறவைக்காரர்கள் ஒரு பெஞ்சிலும் மற்றவர்கள் ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்து வடை தின்றார்கள். நடந்தால் பிரிந்துபோகிறோம் என்றால் நடக்காமல் இருந்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது பிறகுதான். அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொண்டாள், அவரவர் பொருள் இருக்கும் இடத்தில் அவரவர் உட்காரக் கூடாது, இன்னொருத்தர் பொருளுக்கு முன்னால் உட்கார வேண்டும். எழுந்த பிறகு பார்த்ததைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்லக் கூடாது, பெயர் தெரிந்தவர் எடுத்துக் கொடுப்பார். அவளுடைய தம்பி மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அங்க போயி என்ன மதினி செய்வீங்க?" என்றாள். "உக்காந்திருப்போம்." "உக்கார்றதுக்கு எதுக்குக் கண்மாய்க்குப் போகணும், இங்க நாற்காலி இருக்குல்ல." அவள் சொன்னதும் சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. கால் மரத்துக்கொண்டு வருகிறது, நாற்காலி என்றால் மரத்திருக்காது.

அவளுக்கு முன்னால், மடக்கிய முழங்காலிலிருந்து ஒரு கை நீளத்தில், அருகம்புல்லுக்கு நடுவே அந்த வலை இருந்தது. கைக்குட்டையை விரித்துப் போட்ட மாதிரி ஒரு பரப்பு, அதன் ஒரு ஓரம் குவிந்து குவிந்து புனலாகி மண்ணுக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஒரு பின்வாசலாகத் திறக்கிறது. இரவுப் பனி இன்னும் அதன்மேல் இருந்தது. புனலின் வாயில் இரண்டு முன்னங்கால்கள், அசையாமல். சிலந்தி உள்ளே இருக்கிறது. ஜெபக்கனி டீச்சர் மதுரையிலிருந்து பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பார்க்கிற சிலந்தி இதுதான், இடதுபக்கம் ஒரு கால் இல்லை, அதனால் ஏழுகாலி. அது என்ன தின்றது, மழைக்குப் பிறகு வலையை எப்படிச் செப்பனிட்டது, முட்டைப் பையை எப்படிப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தது, குஞ்சுகளை எப்படி முதுகில் ஏற்றிக்கொண்டது என்றெல்லாம் டீச்சர் எழுதி, சிலந்தி என்றால் விளக்குமாற்றைத் தேடுகிறவர்கள் கூட அடுத்த வாரம் ஏழுகாலி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கணக்கு டீச்சர், உணர்ச்சியைக் கொட்டி எழுதுகிறவர் இல்லை. பார்த்தேன், இத்தனை விரல் அகலம், இந்தப் பக்கம் திரும்பியது என்றுதான் எழுதுவார். அதனாலேயே படிக்கிறவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. இன்று டீச்சரைத் தண்ணீரைப் பார்க்க உட்கார வைத்தபோது அவர் முகம் கோணியது. "வேற யாரையாச்சும் ஏழுகாலிகிட்ட உக்கார வச்சீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிருவேன். நீங்கன்னா சரி." "நான் காவல் இருக்கேன் டீச்சர்." சொல்லிவிட்டாள். சிலந்திக்கு என்ன காவல், ஆடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நல்லபெருமாள் பின்னால் நகர்ந்து வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

டீச்சர் திரும்பிப் பார்க்கிறாரா. இல்லை. கரையின் வளைவில் கட்டம் போட்ட சேலை மட்டும் தெரிகிறது, முதுகு நேராக இருக்கிறது, கோபமாக இருக்கும்போதும் டீச்சரின் முதுகு அப்படித்தான் இருக்கும், கோபம் இல்லாதபோதும் அப்படித்தான், முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு டீச்சருக்குச் சரிப்பட வேண்டும். போன வாரம் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒரு தடவ உங்க கூட்டத்துக்கு வர்றேன் மங்களம். ஒரே தடவ. எனக்குச் சரிப்படலன்னா வேலியோரத்துலருந்து என் பேர எடுத்துரணும். திரும்பக் கூப்பிட்டுச் சமாதானம் பேசக் கூடாது." அவர் போனால் அவரோடு நிற்காது. காளான் பெண்ணும் திலீபனும் புல்லைப் பற்றி எழுதுகிறவரும் டீச்சரைப் பார்த்து வந்தவர்கள், டீச்சரைப் பார்த்தே போவார்கள். மிச்சம் பறவை. பறவைக்கு வேலியோரம் எதற்கு, பறவைக்காரர்களுக்கு ஊர் ஊருக்குச் சங்கம் இருக்கிறது. மங்களேஸ்வரி மழையைப் பற்றி எழுதுகிறவள். மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து, பெய்த அன்று பெய்ததையும் பெய்யாத அன்று பெய்யாததையும் எழுதினாள், சிவகங்கைப் பக்கத்தில் இருந்துகொண்டு மழையைப் பற்றி எழுதுவதென்றால் பெரும்பாலும் மழை இல்லாததைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும். அதை யாரும் படிக்கவில்லை. வெகுநாள் கழித்து ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. 'உங்கள் மழைமானிக்குள் சிலந்தி குடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளவு தப்பும்.' மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள், இருந்தது. எழுதினவர் ஜெபக்கனி என்ற பெயரில் ஒருவர். வேலியோரம் அங்கேதான் தொடங்கியது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நாள் முழுவதும் யார் யாருடைய நிலத்தின் நான்கு எல்லைகளையோ படித்துக்கொண்டிருக்கிறவளுக்கு, சாயங்காலம் திறந்து பார்க்க அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. அது போய்விட்டால் மறுபடி மழைமானி. மழைமானியை வைத்துக்கொண்டு ஒருத்தி எவ்வளவு நேரம்தான்.

அப்போது அவள் அதைப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம், வெற்றுத் தரையில், கறுப்பாக ஒன்று ஓடியது, நின்றது, சிறகை வெடுக்கென்று உதறியது, மறுபடி ஓடியது. எறும்பு என்று நினைத்தாள், எறும்புக்குச் சிறகு ஏது, இருக்கும், மழைக்கு முன்னால் இருக்கும், ஆனால் இது பெரிது, நாவல் விதை நீளத்துக்கு இருக்கிறது, மீசை இரண்டும் முன்பக்கம் சுருண்டு தரையைத் தட்டிக்கொண்டே வருகிறது. மீசை சுருண்டு என்று மனதுக்குள் சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் அந்த வார்த்தைகள் அவளுடையவை அல்ல, காஜா மைதீனுடையவை. 'மீசை சுருண்டிருக்கும், சிறகை உதறும், நடக்கத் தெரியாமல் ஓடும், மூன்றும் இருந்தால் அது சிலந்தி வேட்டைக் குளவி.' காஜா அந்தப் பக்கம் கருவேல மரத்தடியில் பட்டையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை, கடை இல்லாத நேரமெல்லாம் குளவி. அவர் இதைப் பார்த்தால் எழுந்து ஓடி வந்துவிடுவார், விதியாவது ஒன்றாவது. அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. குளவி வலையின் ஓரத்துக்கு வந்தது. மீசையால் வலையைத் தட்டிப் பார்த்தது, கதவைத் தட்டுகிற மாதிரி இல்லை, துணிக்கடையில் சேலையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. புனலின் வாயில் இருந்த இரண்டு கால்களும் இப்போது இல்லை.

கையை நீட்டி ஒரு வீசு வீசினால் போதும். ஒரு வீசு, குளவி போய்விடும், கை மறுபடி மடியில் இருக்கும், யாருக்கும் தெரியாது. இங்கே இருப்பதை எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை, துரத்துவதும் இல்லை என்று வேலியோரத்தின் முகப்பில் எழுதியிருக்கிறது, எழுதியது அவள். அதை முதலில் சொன்னது டீச்சர். மைனா கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பற்றி ஒரு விவாதம் வந்தபோது, "நாம பாக்க வந்தவங்க, பஞ்சாயத்துப் பண்ண வந்தவங்க இல்ல" என்று டீச்சர்தான் சொன்னார். மைனாவுக்குச் சரி. ஏழுகாலிக்கும் டீச்சர் அதைத்தான் சொல்வாரா. டீச்சருக்கும் காஜாவுக்கும் சண்டை வந்தது இதில்தான். ஒரு குளவி ஒரு சிலந்தியை இழுத்துக்கொண்டு போகிற படத்தைப் போட்டு, அதற்கு மேலே 'சாப்பாடு தயார்' என்று காஜா தலைப்பு வைத்தார், கடையில் வருகிறவர்களோடு பேசிப் பேசி அவருக்கு எதையும் கொஞ்சம் கேலியாகச் சொல்லித்தான் பழக்கம். கீழே டீச்சர் எழுதினார். 'அந்தச் சிலந்தியின் முதுகில் குஞ்சுகள் இருந்தனவா என்று பார்த்தீர்களா, அதற்குள் உங்களுக்குப் பசி வந்துவிட்டதா?' 'குளவிக்கும் பிள்ளைகுட்டி இருக்கு டீச்சர்.' 'இருக்கட்டும். பார்த்தீர்களா இல்லையா?' 'சிலந்திக்கு வக்கீல் இருக்கீங்க, என் கட்சிக்காரருக்குத்தான் ஆளே இல்ல.' நடுவில் நல்லபெருமாள் வந்து, 'இத்தனூண்டு பூச்சிக்கு இவ்வளவு சண்டையா?' என்று கேட்டார், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சரும் காஜாவும் ஒன்றாகச் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள், பிடித்து முடித்ததும் பிரிந்துவிட்டார்கள். பார்த்தீர்களா இல்லையா என்ற கேள்விக்குக் காஜா கடைசிவரை பதில் சொல்லவில்லை. டீச்சர் அதற்குப் பிறகு வேலியோரத்துக்கு ஒன்றும் அனுப்பவில்லை. இப்போது அந்தக் காஜாவின் கட்சிக்காரர் இந்த டீச்சரின் வீட்டு வாசலில் நிற்கிறார், நடுவில் கையை மடியில் வைத்துக்கொண்டு மங்களேஸ்வரி. துரத்தினால் டீச்சருக்கு நல்லது, ஆனால் துரத்தினேன் என்று டீச்சரிடம் சொல்ல முடியாது, சொன்னால் அதற்கும் டீச்சர் ஏதாவது சொல்வார். துரத்தாவிட்டால் காவல் இருக்கிறேன் என்று சொன்னது என்னாவது. குளவி வலைமேல் ஏறியது. ஒட்டவில்லை. மற்றப் பூச்சிகளெல்லாம் தடுக்கி விழுகிற வலையில் அது தார் ரோட்டில் நடப்பதுபோல் நடந்தது, புனலுக்குள் தலையை விட்டது, முழுசாக உள்ளே போய்விட்டது. வலை ஒரு தடவை குலுங்கிற்று. பனித்துளிகள் உதிர்ந்தன.

டீச்சரிடம் எப்படிச் சொல்வது. டீச்சர், உங்க ஏழுகாலி. இல்லை, உங்க என்று தொடங்கக் கூடாது. ஒரு குளவி வந்தது என்று தொடங்கினால் காஜாவின் கண் மின்னும், அதை டீச்சர் பார்ப்பார். பேசாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதினால் என்ன, 'வேலியோரத்து நண்பர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி', சே, அது மரண அறிவிப்பு மாதிரி இருக்கிறது, அலுவலகத்தில் இப்படி ஒன்றைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டியிருக்கிறாள், யாருக்கு, பழைய சார்பதிவாளருக்கு, நண்பகல் வரை அலுவலகம் இயங்கும் என்று அதன் கீழே போட்டிருந்தது. 'இயற்கையின் வழி' என்று எழுதலாமா, அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் டீச்சருக்கு ஆகாது, வழி என்றால் எந்தப் பக்கம், எத்தனை அடி என்பார். டீச்சர் பெயரை எடுத்துவிட்டால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரிசை மேலே நகரும், டீச்சருக்குக் கீழே இருக்கிற திலீபனின் பெயர் டீச்சர் இடத்துக்கு வரும், அவனும் போனால் புல், அதுவும் போனால் நல்லபெருமாள். பெயரை எடுப்பதற்கு ஒரு பொத்தான்தான். 'நிச்சயமாக நீக்கவா?' என்று அது கேட்கும், ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வரும், இரண்டும் ஒரே அளவில் இருக்கும். அதில் எதை அழுத்துகிறோம் என்று கடைசியில் விரலுக்கே தெரியாமல் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், வலையைத் தாண்டி, புனலின் பின்வாசல் திறக்கிற வெற்றுத் தரையைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிலந்தி மல்லாந்து கிடந்தது. கால்கள் மார்பின்மேல் மடங்கியிருந்தன. எண்ணினாள், ஏழு. குளவி ஓர் அங்குலம் தள்ளி நின்று, முன்னங்காலால் மீசையை நீவி நீவித் துடைத்துக்கொண்டிருந்தது.

செத்துவிடவில்லை. அதுவும் காஜா எழுதித்தான் தெரியும். குளவியின் கொடுக்கு சிலந்தியைக் கொல்லாது, அசையவிடாமல் செய்யும், உயிர் இருக்கும். குழி தோண்டி அதில் இறக்கி, வயிற்றின்மேல் ஒரு முட்டை வைத்து மூடிவிடும், முட்டையிலிருந்து வருவது அந்த உயிருள்ள உணவைத் தின்று வளரும். இப்போது குளவி சிலந்தியின் ஒரு காலின் அடியைக் கவ்விப் பின்னோக்கி இழுத்தது, தன்னைவிடப் பெரியதை, கல்லைச் சுற்றி, குச்சியின்மேல் ஏற்றி, கடைசியில் ஓர் அருகம்புல் கொத்தின்மேல் போட்டுவிட்டு, இரண்டு சாண் தள்ளிப் போய் மண்ணைக் கிளறத் தொடங்கியது. ஏழுகாலி இப்போது தனியாகக் கிடந்தது, அவளுக்குக் கை எட்டும் தூரத்தில். அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளலாம். குளவி திரும்பி வந்து தேடும், சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் போய்விடும், அதையும் காஜா எழுதியிருக்கிறார். டீச்சர் வந்து வலையைப் பார்ப்பார், வலை இருக்கும், ஆள் இல்லை. இடம் மாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். இன்னும் சில ஞாயிறு வந்து தேடுவார். வயதாகியிருக்கும் என்பார். அவ்வளவுதான். ஆனால் முந்தானைக்குள் அது அசையாமல், சாகாமல், காய்ந்துகொண்டே இருக்கும், யாருக்கும் உதவாமல், சிலந்தியாகவும் இல்லாமல் குளவியாகவும் ஆகாமல். அவள் கை புல் வரைக்கும் போயிருந்தது. ஒரு காய்ந்த நுணா இலை விரலில் பட்டது, அதைத் தூக்கி ஏழுகாலியின்மேல் போட்டு மூடலாம் என்று தோன்றி, விரலுக்கு நடுவிலேயே இலையை வைத்துக்கொண்டிருந்தாள்.

இல்லாவிட்டால் தட்டாமல் இருக்கலாம். டம்ளர் அவள் கையில்தானே இருக்கிறது. குளவி தோண்டி முடித்து, இழுத்துப் போய், மூடி, மேலே மண்ணைத் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போகும்வரை யாரும் எழ முடியாது. அதற்குப் பிறகு அங்கே ஒன்றுமே நடந்திருக்காது. வெயில் ஏறியது. வழக்கமாகத் தட்டுகிற நேரம் தாண்டிவிட்டது என்பது பின்கழுத்தில் தெரிந்தது. குளவி விறுவிறுவென்று மண்ணைப் பின்னால் தள்ளியது, பாதி உடம்பு உள்ளே போயிற்று, சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் அதற்காக மனதுக்குள் உந்திக்கொண்டிருந்தாள், பிறகு அது வெளியே வந்து, ஏதோ பிடிக்காமல், அந்தக் குழியை விட்டுவிட்டு ஒரு முழம் தள்ளிப் புதிதாக இன்னொன்று தொடங்கியது. அடிப்பாவி என்று அவளுக்கு வந்தது. வீடு கட்டுகிறவர்கள்கூட அஸ்திவாரத்துக்குக் கடக்கால் பறித்த பிறகு இப்படி இடம் மாற்ற மாட்டார்கள். நல்லபெருமாள் திரும்பிப் பார்த்தார். காளான் பெண் காலை நீட்டி மடக்கினாள். டீச்சரின் முதுகு அசையவில்லை. காஜா ஒரு தடவை இவள் பக்கம் பார்த்து, கைக்கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். குளவி தோண்டிக்கொண்டிருந்தது, கல் தட்டியிருக்க வேண்டும், வெளியே வந்து சிலந்தியிடம் ஓடி, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப ஓடியது. இதற்கு முடிவே இல்லை என்று தெரிந்தபோது அவள் இலையைக் கீழே போட்டுவிட்டு டம்ளரைத் தட்டினாள்.

எழுந்து, உதறி, முதுகைப் பிடித்துக்கொண்டு, வேலை செய்துவிட்டு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் கரைமேல் கூடினார்கள். "இன்னிக்கு ரொம்ப நேரம் போட்டீகளே" என்றார் நல்லபெருமாள். "எனக்கு மண்ணப் பாத்துப் பாத்துக் கண்ணு மண்ணாப் போச்சு." "என்ன பாத்தீங்க, அதச் சொல்லுங்க" என்றாள் மங்களேஸ்வரி. "ஒரு ஓட்டை. அதுக்குள்ளருந்து ஒருத்தன் எட்டிப் பாக்குறான். நான் பாத்தா உள்ள போயிருறான், பாக்கலன்னா வெளிய வர்றான். ரிட்டயர்டு ஆனதுக்கப்புறம் என்னையக் கண்டு பயப்படுற ஒரே ஆளு அவன்தான்." சிரிப்பு அடங்கியதும் காஜா சொன்னார், "பட்டையில பச்சை வெல்வெட்டு மாதிரி ஒட்டிருக்கு. கிட்டப் பாத்தா ஒவ்வொண்ணு மேலயும் ஒரு குட்டிக் கொக்கி, கொக்கி நுனியில ஒரு தொப்பி. எங்க கடை ஸ்க்ரூவ விடச் சிறுசு. ஒரு தொப்பி மட்டும் கழண்டு கெடந்துச்சு." "அண்ணே, தொப்பி கழண்டத நீங்க பாத்தீங்களா?" என்று திலீபன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "வித்து வெளிய போற நேரம்ணே அது. நான் ரெண்டு வருசமாப் பாக்கணும்னு கெடக்கேன்." அடுத்தது டீச்சர். டீச்சர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார் என்று மங்களேஸ்வரி நினைத்தாள். அவரோ, "கோழிக்குஞ்சு அளவுல ஒரு பறவை, வால் இல்ல, சாக்லேட் நிறத்துல கழுத்து" என்று ஆரம்பித்தார், குரல் வகுப்பில் இருப்பது போல இருந்தது. "முங்கும், எதிர்பாக்காத எடத்துல எந்திரிக்கும். முதுகுல ரெக்கைக்கு நடுவுல ஏதோ அசைஞ்சுச்சு. தல. கோடு போட்ட சின்னத் தல. ரெண்டு." இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். "முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியுது. எனக்குத் தெரியாது, பறவைங்க இப்படிச் செய்யும்னு எனக்குத் தெரியவே தெரியாது." நல்லபெருமாள் வழக்கமான சத்தம் இல்லாமல், "முக்குளிப்பான் டீச்சர்" என்றார். "நான் பதினோரு வருசமா இந்தக் கண்மாய்க்கு வர்றேன். முதுகுல குஞ்சோட ஒரு தடவதான் பாத்திருக்கேன். என்னைய முதுகக் காட்டி உக்கார வச்சிட்டாங்க, உங்களுக்குக் காட்டிருச்சு பாருங்க." டீச்சர் சிரித்தார். மங்களேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இது சரிப்பட்டுவிட்டது, இவ்வளவு நாள் வேண்டிக்கொண்டது இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது, இதை இப்படியே நிறுத்தி வைக்க வழி இருந்தால் நன்றாக இருக்கும், வழி இல்லை, எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"புனல் மாதிரி ஒரு வலை" என்றாள். "அதுல ஒரு ஆள். ஏழு காலு." டீச்சர் தலையை ஆட்டினார், தன் பிள்ளையின் பெயரை வருகைப் பதிவில் கூப்பிட்ட மாதிரி. "அப்புறம் கறுப்பா ஒண்ணு வந்துச்சு. மீசை சுருண்டிருந்துச்சு." காஜா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கையை நிறுத்திக்கொண்டார். "உள்ள போச்சு. ரெண்டும் பின்வாசல் வழியா வெளிய வந்துச்சுங்க. இப்ப ஒண்ணு புல்லு மேல கெடக்கு. இன்னொண்ணு குழி தோண்டுது." பெயரை எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. காஜா எழுந்தார், எழுந்தவர் டீச்சரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். டீச்சர் ஒன்றும் கேட்காமல் நடந்து போனார். வலையருகே நின்றார், தேடவில்லை, நேராகப் புல்கொத்துக்குப் போய் முழங்காலிட்டு, கைகளை ஊன்றி, சேலையைப் பற்றிக் கவலைப்படாமல் குனிந்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு திரும்பாமலே கூப்பிட்டார். "காஜா. அங்க என்ன செய்றீங்க, இங்க வாங்க. இந்தப் பக்கமா வாங்க, வெயில மறைக்காம." காஜா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். டீச்சருக்குப் பக்கத்தில், ஓர் ஆள் இடம் விட்டு, அவரும் தரையோடு தரையாகப் படுத்தார். "எனக்கு இது வேணாம் டீச்சர், நீங்க சொன்னா எடுத்துருவோம்" என்று மெதுவாகச் சொன்னார். "எடுத்து? வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்ய?" என்றார் டீச்சர். "அந்தக் குழி ஆழம் பத்துமா இதுக்கு?" "பத்தாது. இன்னும் தோண்டும்." "மங்களம்." "டீச்சர்." அவள் இரண்டடி தள்ளி நின்றாள், டம்ளரும் கரண்டியும் கையில் இருந்தன. டீச்சர் இப்போதும் திரும்பவில்லை. "எங்க கொட்டுச்சு? வாய்க்குக் கிட்டயா, காலுக்கு அடியிலயா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?" மங்களேஸ்வரி வாயைத் திறந்தாள். புனலுக்குள் குளவி போனது இருந்தது, பனித்துளி உதிர்ந்தது இருந்தது, மல்லாந்து கிடந்தது இருந்தது. நடுவில், ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் தவிர ஒன்றுமே இல்லை.

"நான் பாக்கல டீச்சர்."

"அங்கதான இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன். வேற நெனப்புல இருந்துட்டேன்."

காஜா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், பாவம் என்று பார்த்தாரா, ஒரு குளவிக்காரனுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வாய்க்கிற காட்சியை விட்டுவிட்டாளே என்று பார்த்தாரா, தெரியவில்லை. டீச்சர் சிலந்திமேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "சரி" என்றார் பிறகு. "வேலியோரத்துல எழுதுவீங்கல்ல, அதையும் அப்படியே எழுதணும். கொட்டினதப் பாக்கலன்னு. பாத்த மாதிரி எழுதிரக் கூடாது. மத்தத நாங்க ரெண்டு பேரும் எழுதித் தர்றோம். ஆனா தலைப்ப நான்தான் வைப்பேன்." "வைங்க டீச்சர்" என்றார் காஜா. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். நல்லபெருமாளும் பைனாகுலரை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்கக் குந்தினார். மங்களேஸ்வரி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

குளவி குழியிலிருந்து வெளியே வந்தது. தலையில் ஈர மண் ஒட்டியிருந்தது. நேராக வராமல் இடது பக்கமாக வளைந்து, ஒரு கூழாங்கல்லைச் சுற்றிக்கொண்டு, புல்கொத்தின் அடிக்கு வந்து, மீசையால் இரண்டு தடவை தட்டியது. ஏழுகாலியின் வலது பக்கம் பின்னங்கால், உடம்போடு சேரும் இடத்தில் கவ்வியது. பின்னோக்கி நடந்தது. சிலந்தியின் வயிறு ஒரு புல்தாளில் மாட்டிக்கொண்டது, குளவி விட்டது, சுற்றி வந்தது, இன்னொரு பக்கம் கவ்வி இழுத்தது. புல்தாள் வளைந்து, விடுபட்டு, நிமிர்ந்தது.